சீதன உறுதியில் எழுதின பங்கு

தொலைபேசி அடித்த நேரம் சுபோதினி சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டு நின்றாள். துழாவுகிற கையை விட்டால் சொதி திரைந்துபோகும். அடுப்பை அணைத்துவிட்டுப் போவதென்றால் அதற்குள் யோகேஸ்வரி எடுத்துவிடுவாள். எடுத்தால், "ஆர்? என்ன விசயம்? அவள் வேலையா நிக்கிறாள்" என்று சொல்லி வைத்தும் விடுவாள். கணவரின் தமக்கை அல்லவா! வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கூட அவளிடம் காரணம் சொல்லிவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் வரவேண்டும். சொதி திரைந்தால் திரையட்டும் என்று அன்றைக்கு ஏனோ சுபோதினி ஓடினாள்.

"அக்கா..."

தம்பி சுகிர்தன்! மாதக்கணக்காகக் கேளாத குரல்.

"தம்பி! எப்பிடியடா இருக்கிறாய்? ரூபிகா, பிள்ளையள்..."

"அப்பாவைக் கள்ளன் எண்டு எழுத உனக்கு எப்பிடியக்கா மனம் வந்தது?"

அவளுக்கு விளங்கவில்லை. "ஆர்... ஆர் எழுதினது?"

"உன்ரை பேரிலை லோயர் கடிதம் வந்திருக்கு. சீதனம் எண்டு பொய் சொல்லி உன்னைக் கட்டிக்குடுத்து, புருசன் வீட்டை ஏமாத்தினவராம் அப்பா. பங்கு தராட்டில் கொம்பனியைப் பங்குச் சந்தைக்குப் போகவிடாமல் கோர்ட்டிலை தடை எடுப்பியாம்! எடு அக்கா. தாராளமா எடு. ஆனா செத்த மனுசனை ஏன் இழுத்தனி...?"

குரல் உடைந்து, தொடர்பும் அறுந்தது. சுபோதினி ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கொஞ்சக் காலமாக அப்படித்தான். பல்லுப் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம்போல, தொட்டால் தெரிகிறது, நோகவில்லை.

கணவர் யோகநாதன் மேசையில் பேப்பரை விரித்து வைத்து இடியப்பத்துக்குக் காத்திருந்தார். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"இஞ்சாருங்கோ... தம்பிக்கு என்ன கடிதம் போட்டனீங்கள்?"

"நான் எங்கை போட்டன்? நீர்தானே போட்டீர். கையெழுத்து வைச்சது மறந்துபோச்சோ?"

வைத்தாள்தான். முந்தின கிழமை, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கடதாசியைக் கொண்டுவந்தார். அவருடைய சுட்டுவிரல் ஒரு கோட்டைத் தொட்டது. கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் போட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். விரல் தொடுகிற இடத்தில் அவள் போடுவாள், அதற்குக் கீழே அவர் போடுவார். என்ன ஏது என்று அவள் கேட்டதில்லை. கேட்பவளை அந்த வீட்டில் 'அப்புக்காத்து' என்று வக்கீல் பட்டம் கட்டிப் பகிடி பண்ணுவார்கள்.

"அதிலை அப்பாவைக் கள்ளன் எண்டு எழுதியிருந்ததோ...?"

"வேறை என்னெண்டு எழுதிறது?" குசினி வாசலில் நின்ற யோகேஸ்வரி உள்ளே புகுந்தாள். "பங்கு, பங்கு எண்டு சபையிலை வாசிச்சுக் காட்டினார் கொப்பர். இப்ப கொம்பனிப் புத்தகத்திலை உன்ரை பேரே இல்லையாம்! என்ரை தம்பி ஏமாந்தவன். வேறை ஒருத்தனெண்டால் உன்னைக் கொண்டுபோய்க் கொட்டாஞ்சேனையிலை தாய்வீட்டிலை விட்டிட்டு வந்திருப்பான்!"

ஒழுங்கை முடிவில் மருதானை ரயில் பெரிய இரைச்சலோடு போனது. ரயில் போகும்வரை அந்த வீட்டில் ஒருவரும் கதைக்க ஏலாது. சுபோதினிக்கு அதுதான் இளைப்பாறுகிற நேரம்.

ரயில் போனபின் யோகநாதன் சொன்னார்: "என்ரை சிநேகிதன் காணி வழக்கு லோயர். கடிதம் போட்டதோடை தன்ரை வேலை முடிஞ்சுதாம். பங்கு விசயத்துக்கு அதுக்கெண்டு படிச்ச ஆளைத்தான் பிடிக்கோணுமாம். கொள்ளுப்பிட்டியிலை ஒரு லோயர் இருக்கிறா, லுத்பியா எண்டு. கொம்பனி, பங்குச் சந்தை வழக்கெல்லாம் தண்ணிபட்ட பாடு. இண்டைக்குப் பத்து மணிக்கு வரச்சொன்னவ. வெளிக்கிடும்."

சொதி திரைந்துதான் போயிருந்தது. அன்றைய இடியப்பத்துக்கு அதுவும் ஒரு குறையாயிற்று.

சங்கதி இதுதான். சுபோதினியின் தகப்பன் அம்பலவாணர் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கொட்டிலில் பிளாஸ்டிக் வாளி வார்க்கத் தொடங்கியவர். 'அம்பலவாணர் அன்ட் சன்' என்று ஒவ்வொரு வாளியின் அடியிலும் எழுத்துப் புடைத்திருக்கும். சன் மட்டும்தான். மகளின் பேரை எந்தக் கொம்பனி வாளிக்கு அடியில் போட்டிருக்கிறது? ஆனால் மனுசன் மகளை மறக்கவில்லை. கலியாணப் பேச்சில், "வீடும் தாறன், கொம்பனியிலை நாலிலொரு பங்கும் தாறன்" என்றார். யாழ்ப்பாணத்து வழக்கப்படி சீதன உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு வந்தார். வாழ்நாளெல்லாம் வீடும் வளவும் எழுதிப் பழகிய கை. வெள்ளவத்தை வீட்டை எழுதிய அதே உறுதியில், அதே மூச்சில், பங்கையும் எழுதினார். பங்குக்கு வடக்கே வேலி, கிழக்கே கிணறு என்று எல்லை போடாததுதான் மிச்சம். சபையில் உரக்க வாசித்தார்கள். இரு பக்கத்துப் பெரியவர்களும், மாப்பிள்ளையும்கூட, சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். உறுதி இரும்பலுமாரிக்குள் போயிற்று. எழுதியாயிற்று, பூட்டியாயிற்று, இனி என்ன குறை என்று எல்லோரும் பாயசம் குடித்தார்கள்.

அம்பலவாணர் செத்துப்போய்ப் பல வருசம் ஆயிற்று. இப்போது கொம்பனி பங்குச் சந்தைக்குப் போகப்போகிறது. அதற்காகப் பதிவுகளைத் துருவியபோது சுபோதினியின் பேர் எங்குமே இல்லையென்று தெரிந்தது. அந்தக் கதை வங்கிச் சிநேகிதர் மூலம் யோகநாதனின் காதுக்கு வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. காலைத் தேநீருக்கு ஒரு 'கள்ளன்', இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு 'பேய்க்காட்டி'. குளியலறையில் நின்ற நீல வாளியைக்கூட, "அந்தக் கள்ளன்ரை வாளியிலை நான் குளிக்கமாட்டன்" என்று அவர் தூக்கிப் பல்கனியில் எறிந்துவிட்டார். மழைத்தண்ணீர் நிரம்பி, நுளம்பு முட்டையிட்டு, அது அங்கேயே கிடந்தது. சுபோதினி துணி காயப்போடப் போகும்போதெல்லாம் பார்ப்பாள். எடுக்கப் பயம்.

தகப்பன் பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லையென்று அவளுக்குத் தெரியும். ஆனால் பேர் இல்லையே! அதற்கு என்ன சொல்வாள்? சொல்லத் தெரியாமல் விழுங்கி விழுங்கித்தான் அவளுக்கு இந்த மரப்பு வந்தது.

மூவரும் ஓர் ஓட்டோவில் நெருக்கியடித்துக் கொள்ளுப்பிட்டிக்குப் போனார்கள். நடுவில் சுபோதினி. மடியில் சீதன உறுதி.

லுத்பியாவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. தலைக்குச் சாம்பல் நிறத் துணி, மூக்கில் கண்ணாடி, மேசையில் பாதி குடித்த இஞ்சித் தேநீர். உறுதியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தாள். பிறகு நிமிர்ந்து, "சரி. யார் என்ட கிளையன்ட்?" என்று கேட்டாள்.

"நாங்கள்தான்," என்றார் யோகநாதன்.

"நாங்கள் எண்டு ஒரு ஆள் இல்லியே அங்கிள். பங்கு யாருக்கு எழுதியிருக்கு?"

"இவவுக்கு. ஆனா எல்லாம் நான்தான்..."

"அப்ப இவங்கதான் கிளையன்ட். குறை நினைக்க வாணாம், நீங்க ரெண்டு பேரும் வெளியில கொஞ்சம் இருங்க."

யோகேஸ்வரி எழும்பவில்லை. "பிள்ளை, அவளுக்கு ஒண்டும் தெரியாது! பேய்ப்பெட்டை மாதிரி இருப்பாள். நாங்கள்தான் சொல்லோணும்!"

"தெரியாட்டி தெரியாது எண்டு அவங்களே சொல்லட்டும் ஆன்டி."

கதவு சாத்தப்பட்டது. சுபோதினி கதிரையின் நுனிக்கு வந்தாள். ஒரு மூடிய அறைக்குள் தன் சொத்தைப் பற்றித் தனியே கதைக்க அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"அவர் சொல்லுறதுதான்..."

"அவர் சொன்னது ஃபோன்ல கேட்டுட்டேன். தடை உத்தரவு வேணுமாம். நான் உங்களைக் கேக்கிறேன்."

சுபோதினி மடியைப் பார்த்தாள். என்ன வேணும்? சந்தையில் மீன்காரன் கேட்பான். கோயிலில் ஐயர் என்ன நட்சத்திரம் என்று கேட்பார். இந்தக் கேள்வியை இப்படி முகத்தைப் பார்த்து ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. லுத்பியா அவசரப்படுத்தவில்லை. தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்பா... எங்களை ஏமாத்தினவரோ, பிள்ளை?" என்று கேட்டாள் கடைசியில்.

"இல்லியே!" லுத்பியா தேநீரை வைத்தாள். "அதைத்தானா நினைச்சிட்டிருந்தீங்க? இங்க பாருங்க. வீடு, காணி எண்டா உறுதியில மாறும். பங்கு அப்பிடி மாறாது. மாற்றப் படிவம் ஒண்டு எழுதிக் கொம்பனிக்குக் குடுத்து, அங்க பதிவில உங்க பேர் ஏறணும். உங்கட நொத்தாரிசுக்குக் காணிதான் தெரியும். பங்கையும் காணி மாதிரி எழுதிட்டார். உங்க அப்பா, தந்தாச்சு எண்டு நம்பிட்டார். சாட்சி வச்ச அத்தனை பேரும் நம்பியிருக்காங்க, உங்க ஹஸ்பண்டும் சேர்த்து. யாருமே கொம்பனிக்குப் போகல்ல. அவர் மௌத்தானதும், சீதனம் வாங்கின மகளுக்கு வேற பங்கில்லாததால, அவர் பேரில இருந்தது அப்பிடியே தம்பிக்குப் போயிட்டு. ஏமாத்திற மனுசன் இத்தனை பேருக்கு முன்னால எழுதி வாசிப்பாரா?"

அப்பா கள்ளனில்லை. சுபோதினி அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சந்தோசம் வரவேண்டிய இடம். கண்ணில் ஒன்றும் வரவில்லை. மரத்த இடத்தில் மெல்ல ஒரு குத்து மட்டும் தெரிந்தது.

"அப்ப எனக்கு வேண்டியதைச் சொல்லட்டே? அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுக்கோணும். தடை ஒண்டும் வேண்டாம். அப்பா எழுதினது எழுதினபடி என்ரை பேருக்கு வரோணும், அதுக்கு மேலை ஒரு பங்கும் வேண்டாம். மற்றது..." அவள் நிறுத்தினாள். "அப்பா கள்ளனில்லை எண்டு அவர் தன்ரை வாயாலை சொல்லோணும்."

லுத்பியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "முதல் சொன்னதெல்லாம் நான் செய்வேன். கடைசி சொன்னது கோர்ட்டில எடுக்கேலாது ஆன்டி. அதை நீங்கதான் எடுக்கணும்."

பிறகு, தன்னை லோயராக அமர்த்துவதற்கான பத்திரத்தை முன்னால் வைத்தாள். பழக்கதோசத்தில் சுபோதினி எழும்பினாள்.

"அவரைக் கூப்பிடுறன். அவற்றை கையெழுத்தும் வேணுமெல்லோ?"

"எதுக்கு? தேசவழமை எண்ட உங்க யாழ்ப்பாணச் சட்டத்தில வீடு வளவு விக்கிறதுக்குத்தான் புருசன்ட சம்மதம் வேணும். பங்குக்கு வாணாம். உங்க ஒரு கையெழுத்துப் போதும்."

"என்ரை மட்டும் காணுமோ?"

"காணும்," என்றாள் லுத்பியா, அவளைப் போலவே சொல்லிச் சிரித்து.

சுபோதினி உட்கார்ந்தாள். பேனையைக் கையில் எடுத்தாள். பிறகு வைத்தாள். "வாசிச்சுப்போட்டு வைக்கட்டே?" என்று கேட்டு, விளங்காத இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டு, முழுவதையும் வாசித்தாள். வெளியில் யோகேஸ்வரி இருமுவது கதவுக்குள்ளால் கேட்டுக்கொண்டிருந்தது. இருமட்டும்!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தது.

"எங்களைப் பிச்சைக்காரர் மாதிரி வெளியிலை இருத்திப்போட்டாள் அந்தப் பெட்டை!" யோகேஸ்வரி செருப்பைக் கழற்றி எறிந்தாள். "நீயும் வாயைத் திறக்காமல் இருந்திட்டியே சுபோ! கொடுத்து வைச்ச மகாராணி... அம்மா இல்லாத பெடியனை நான் வளர்த்து ஆளாக்கி உனக்குத் தந்தன். எனக்கு இது வேணும்!"

"உள்ளுக்கை என்ன கதைச்சனீர்?" யோகநாதன் கேட்டார்.

"அது என்ரை லோயரோடை கதைச்சது."

'என்ரை லோயர்' என்ற சொல் அந்த வீட்டுக்குள் விழுந்தது. ரயில் வராமலே வந்த அமைதி! சுபோதினி குசினிக்குப் போய் அரிசியைக் கழுவினாள். ஒரு மணி அரிசிகூடச் சிந்தவில்லை.

அடுத்து வந்த நாட்களில் யோகநாதன் அவளோடு கதைக்கவில்லை. தேவையானதை அக்காவிடம் சொன்னார், அக்கா அவளிடம் சொன்னாள். உப்புக் கூடினாலும் அப்படி, குறைந்தாலும் அப்படி. முன்பென்றால் உருகி ஓடிப்போய்க் காலைப் பிடித்திருப்பாள். இப்போது அந்த மரப்பே அவளுக்குத் துணையாக நின்றது. கடிதம் திரும்ப எடுக்கப்பட்டதையும், பங்கை மாற்றிக்கொடுக்கத் தம்பி சம்மதித்ததையும் அவளே மேசையில் வைத்துச் சொன்னாள். யோகநாதன் பேப்பரை மடித்தார். தடை என்று கத்தியவருக்குத் தடையில்லாமல் கிடைத்ததில் என்ன முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

கையெழுத்து வைக்கும் நாளில் சுகிர்தன் முந்தியே வந்து லுத்பியாவின் கந்தோர் வாசலில் நின்றான். தலை நன்றாக நரைத்துவிட்டது. அக்காவைக் கண்டதும் வாய் கோணியது.

"எனக்குத் தெரியாதக்கா... சத்தியமாத் தெரியாது! உறுதியிலை எழுதினபடியால் உன்ரை உன்னட்டை இருக்கெண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். பேரில்லை எண்டு தெரிஞ்சவுடனை, அப்பா பிறகு மனம் மாறிப்போட்டாராக்கும் எண்டு நினைச்சிட்டன். நீ ஒருக்கா... ஒரேயொருக்காக் கேட்டிருந்தால்!"

"கேக்கிற உரிமை எனக்கு இருக்கெண்டு எனக்கே தெரியேல்லையடா."

பெரிய மனுசன், நூற்றுக்கணக்கான ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி, அவளுடைய தோளில் முகத்தை வைத்து விம்மினான். சுபோதினியின் கை தானாக எழும்பி அவன் முதுகைத் தட்டியது. சின்ன வயதில் விழுந்து அடிபட்டு வரும்போது தட்டுவது போலவே. அவளுக்குக் கண் கலங்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே லுத்பியா மாற்றப் படிவத்தை மேசையில் வைத்தாள். சுகிர்தன் தன் இடத்தில் கையெழுத்து வைத்தான். அடுத்தது சுபோதினி. யோகநாதனின் சுட்டுவிரல் வழக்கப்படி நீண்டு கோட்டைத் தொட்டது. மற்றக் கையில் சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனை. அவள் போட்டதும் கீழே போடுவதற்கு ஆயத்தமாக மூடியைக்கூடக் கழற்றிவிட்டார்.

"எனக்கு எவடத்திலை?" கண்ணாடிக்குள்ளால் தேடினார்.

"உங்களுக்கு இதில இடம் இல்லை அங்கிள்," என்றாள் லுத்பியா.

அவர் விரலை எடுத்தார். கழற்றிய பேனையை மூடவும் இல்லை, பைக்குள் வைக்கவும் இல்லை. சுபோதினிக்கு அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் படிவத்தை முழுவதும் வாசித்தாள். வாசித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. கையெழுத்து வைக்க முதல் நீங்கள் ஒண்டு சொல்லோணும். எல்லாருக்கும் முன்னாலை. சபையிலைதானே வாசிச்சது... சபையிலையே சொல்லுங்கோ."

"என்ன சொல்லிறது?"

"உங்களுக்குத் தெரியும்."

யோகேஸ்வரி, "இதென்ன கூத்து! வைக்கிற கையெழுத்தை வை!" என்று தொடங்கினாள். யோகநாதன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். 

"மாமா கள்ளனில்லை," என்றார். வங்கியில் கடன் மறுக்கிற குரல். "அந்த உறுதியிலை சாட்சியா நானும் கையெழுத்து வைச்சனான். எனக்கும் விளங்கேல்லை. நான் கேட்டது பிழையான கதை, சொன்னதும் பிழையான கதை."

சுபோதினி கையெழுத்து வைத்தாள். கீழே வெறும் கடதாசி. தன் பேர் அவ்வளவு தனியாக ஓரிடத்தில் நிற்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பங்கை விற்கப்போவதில்லை என்றாள், ஒருவரும் கேட்க முதலே. லுத்பியா தலையாட்டினாள். யோகநாதன் பேனையை மூடிப் பைக்குள் வைத்தார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் நடுவில் இருந்து யோசித்தாள். கேட்டதெல்லாம் கிடைத்தது. பின்னே ஏன் உள்ளே ஒன்றும் அசையவில்லை? அவர் சொன்னார்தான். விரல் நீட்டிய இடத்தில் இதுவரை அவள் வைத்த கையெழுத்துகளைப் போல, அவரும் கேட்ட இடத்தில் ஒரு சொல்லை வைத்துவிட்டு வந்துவிட்டார். கேட்டு வாங்கின சொல்லில் எவ்வளவு மனம் இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். சரி, அதுவாவது கிடைத்ததே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சீலையை மாற்றி, குசினிக்குள் போய்த் தேங்காய் திருவ உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பல்கனிப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தேய்க்கிற சத்தம். பிறகு, "சீ, பாசி!" என்று யோகநாதன் தனக்குத்தானே ஏசுகிற சத்தம். சுபோதினி எட்டிப் பார்த்தாள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வயதுபோன அந்த மனுசன் பல்கனியில் குந்தியிருந்து நீல வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தேய்த்து, வெளியே தேய்த்து, பிறகு கவிழ்த்து அடியையும் தேய்த்தார். 'அம்பலவாணர்' என்ற எழுத்துகளின் இடுக்கில் இருந்த ஊத்தையை நகத்தால் கிளறி எடுத்தார். ஒருவரும் சொல்லவில்லை. அவள் பார்க்கிறாள் என்றும் அவருக்குத் தெரியாது. வாளியை வெயிலில் பிடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலில் அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நல்ல வாளி," என்றார், பிடிபட்டவர்போல. "இப்ப வாறதுகள் ஒரு மாசத்திலை வெடிக்குது. உம்மட அப்பா வார்த்தது... எத்தினை வருசம்! இன்னும் ஒரு கீறல் இல்லை. நான்தான்... எறிஞ்சிருக்கக் கூடாது, சுபோ."

அவ்வளவுதான். சுபோதினியின் கையிலிருந்த தேங்காய்ப் பாதி நழுவி விழுந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை... வயிற்றின் அடியிலிருந்து ஒரு ஓலம் கிளம்பித் தொண்டையை உடைத்துக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்தபடி கீழே இருந்து, குழந்தையைப்போல வாய்விட்டு அழுதாள். அப்பா செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. யோகநாதன் வாளியோடு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஈரக் கையால் அவளுடைய தலையைத் தொட்டார். அவள் அந்தக் கையைப் பிடித்து முகத்தோடு அழுத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த யோகேஸ்வரி வாசலில் நின்றாள். தம்பியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து, உருண்டு கிடந்த தேங்காய்ப் பாதியை எடுத்துக் கழுவினாள்.

"தம்பி, அந்த வாளியைக் குளியலறைக்கை வையாதை," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "குசினிக்கை வை. குடிக்கிற தண்ணி பிடிக்கலாம்."